ஸ்டான்லி மில்கிராமின் ஆவணங்கள்

ஸ்டான்லி மில்கிராம் (1933–1984) அமெரிக்க சமூக உளவியல் பேராசிரியர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பணியாற்றியபின், 1967 முதல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1984 டிசம்பர் 20 அன்று மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 51. அவருடைய கடிதங்கள், குறிப்பேடுகள், ஆய்வுப் பதிவுகள் ஆகியவற்றை மனைவி அலெக்சாண்ட்ரா யேல் பல்கலைக்கழக நூலகத்துக்கு அளித்தார். அவற்றில் பெரிதும் தேடிப் படிக்கப்படுபவை 'கீழ்ப்படிதல் சோதனை' தொடர்பானவை.

1961இல் நியூ ஹேவன் நகர நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை; கூலி 4 டாலர், போக்குவரத்துச் செலவு 50 சென்ட். வந்தவரை 'ஆசிரியர்' ஆக்கினார்கள். அடுத்த அறையில் நாற்காலியில் கட்டப்பட்டிருந்த 'மாணவர்' தவறாக விடை சொன்னால், ஆசிரியர் ஒரு விசையை அழுத்த வேண்டும். 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை மொத்தம் 30 விசைகள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. மாணவர் மில்கிராமின் ஆள். 1963இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 ஆண்களில் 26 பேர் கடைசி விசைவரை சென்றனர். அதாவது 65 விழுக்காடு. சோதனை தொடங்கிய 1961, யூதப் படுகொலையில் பங்குகொண்ட ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் நடந்த ஆண்டு. சாதாரண மனிதரும் உத்தரவு கிடைத்தால் கொடுமை செய்வார் என்பதற்குச் சான்றாக இந்த எண் உலகெங்கும் பரவியது. பாடநூல்கள் பல இன்றும் அதோடு நின்றுவிடுகின்றன.

பெட்டிகளுக்குள் இருந்தது அவ்வளவு எளிய கதையாக இல்லை. சோதனை இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில், ஏறத்தாழ 780 பேரிடம் நடத்தப்பட்டது. முடிவுகள் வடிவத்துக்கு வடிவம் பெரிதும் மாறின. ஒன்றை மில்கிராம் வெளியிடவே இல்லை. அதில் நண்பர்களும் உறவினர்களும் இருவர் இருவராக அழைக்கப்பட்டனர். ஒருவர் ஆசிரியர், அவருக்கு வேண்டியவரே மாணவர். 20 இணைகளில் இறுதிவரை சென்றவர்கள் 3 பேர் மட்டுமே. முன்பின் தெரியாதவர் இடத்தில் தெரிந்தவர் உட்கார்ந்ததும் கதை தலைகீழானது. மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய முடிவு இதுதான் எனலாம்.

ஒலிநாடாக்களும் நிறையச் சொல்கின்றன. தயங்குபவரிடம் சோதனையாளர் நான்கு குறிப்பிட்ட வாக்கியங்களையே சொல்ல வேண்டும், அதற்கும் மறுத்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட விதி. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜினா பெர்ரி நாடாக்களைக் கேட்டபோது, சோதனையாளர் விதியைத் தாண்டிப் பலமுறை வற்புறுத்தியிருப்பது தெரியவந்தது. மின்அதிர்ச்சி பொய் என்ற முழு உண்மை அன்றே சொல்லப்படாமல் பலர் வீடு திரும்பியதும் வெளிவந்தது. பின்னர் அஞ்சலில் வந்த அறிக்கையில்தான் அவர்கள் அதை அறிந்தார்கள். அதுவரை அவர்கள் எந்த நினைப்போடு உறங்கியிருப்பார்கள்?

மில்கிராமின் உதவியாளர் ஒருவர் செய்த கணக்கீடும் அந்தத் தாள்களில் கிடைத்தது. மாணவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது என்று நம்பியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கீழ்ப்படிந்தார்கள் என்கிறது அது. பெர்ரியும் சக ஆய்வாளர்களும் 2020இல் இதை விரிவாக வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் பின்னர் எழுதி அனுப்பிய கருத்துகளை அலெக்சாண்டர் ஹேஸ்லம் குழுவினர் 2015இல் ஆராய்ந்தார்கள். அறிவியலுக்கு உதவினோம் என்ற மகிழ்ச்சி அவற்றில் பலவற்றில் தென்பட்டது. கண்மூடித்தனமான கீழ்ப்படிதலைவிட, நல்ல காரியத்துக்குத் துணைநிற்கிறோம் என்ற எண்ணமே அவர்களைச் செலுத்தியிருக்கும் என்பது அக்குழுவின் வாதம். கேள்வி இன்னும் தீரவில்லை.

பங்கேற்றவர்களின் பெயர்கள் வெளியே தெரியாதபடி நூலகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பெயர்கள் நீக்கப்பட்ட படிகளே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும்.

தம்மைக் குறைகூற உதவும் தாள்களையும் மில்கிராம் கிழித்துப் போடவில்லை. இது அவருக்குப் பெருமை. 1962இல் எழுதிய ஒரு குறிப்பில், தாம் செய்தது முக்கியமான அறிவியலா, திறமையான நாடகமா என்று அவரே கேட்டுக்கொள்கிறார். அப்போது அவர் மனம் நாடகம் என்ற பக்கமே சாய்ந்திருந்தது.