13 மேட்ச், 13 வெற்றி... ஆனாலும் பிளே-ஆஃப் இல்லை!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நம்ம கால்பந்து இல்லீங்க. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். கல்லூரி அணிகளின் முதல் பிரிவிலேயே 130-க்கும் மேற்பட்ட டீம்கள். சீஸனுக்கு ஓர் அணி ஆடுவதோ 12, 13 மேட்ச்தான். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. அதனால் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டு ரேங்க் கொடுக்கும். எத்தனை வெற்றி என்பதோடு, யாரை ஜெயித்தீர்கள் என்பதும் கணக்கு.

2023-ல் இருந்தவை நான்கே இடங்கள். ஆடிய 13 மேட்ச்சையும் ஜெயித்த புளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாவது ரேங்க்! ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ், நவம்பரில் கால் முறிந்து வெளியேறியிருந்தார். அவர் இல்லாத டீம் வேற டீம் என்றது குழு. நான்காவது இடம், ஒரு மேட்ச் தோற்றிருந்த அலபாமாவுக்கு. சீஸன் தொடக்கத்திலேயே தன் கால் முறிந்திருக்கக் கூடாதா, இந்த டீம் தன்னை மட்டும் நம்பியில்லை என்பது தெரிந்திருக்குமே என்று ஆதங்கப்பட்டார் டிராவிஸ்.

பிறகு ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என உதை வாங்கியது புளோரிடா ஸ்டேட். 'பார்த்தீங்களா' என்று கேட்காதீங்க; முக்கிய வீரர்கள் பலர் அந்த மேட்ச்சில் இறங்கவே இல்லை.

2024 முதல் 12 இடங்கள். இப்போ சண்டை, கடைசி இடம் யாருக்கு என்பதில்!