குடும்பத்தை வரைந்தே நாட்டை வரைந்தவர்: கேலிச்சித்திரக் கலைஞர் லாட்

மலேசியாவில் நாளிதழ் படித்து வளர்ந்த குடும்பங்களுக்கு லாட்டின் சித்திரங்கள் புதியவை அல்ல. மூன்று வளைவாக வரையப்பட்ட மூக்கும் பரட்டைத் தலையும் கட்டம் போட்ட கைலியும் கொண்ட கம்பத்துச் சிறுவனைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சிறுவன் வேறு யாருமல்ல, லாட்தான். அவனைச் சுற்றி நிற்பவர்கள் அவரது தாயும் தந்தையும் அண்டை வீட்டாரும். கற்பனைக் கதாநாயகர்களைத் தேடி அலையாமல், தம் வீட்டையும் தெருவையும் கவனித்து வரைந்ததே அவரது கலையின் அடித்தளம்.

கோப்பெங் கம்பத்தில் தொடக்கம்

லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். பேராக் மாநிலத்தில் கோப்பெங் அருகிலுள்ள கோத்தா பாரு கம்பத்தில் 1951 மார்ச் 5ஆம் தேதி பிறந்தார். (இது கிளந்தானின் கோத்தா பாரு அல்ல.) சிறு வயதில் உருண்டையாக இருந்ததால் ‘புலாட்’ என்று அழைத்தார்கள். அதுவே சுருங்கி ‘லாட்’ ஆனது. தந்தை அரசாங்கத்தில் எழுத்தர். ஓய்வு நேரத்தில் லாட் வரைந்து தள்ளியபோது பெற்றோர் தடுக்கவில்லை. அக்காலத்தில் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞரான ரெஜாப்ஹாட்டிடம், தம் மகனுக்கு வழிகாட்டும்படி கேட்டுக்கொண்டவர் லாட்டின் தாயார்தான். அப்போது லாட்டுக்கு வயது 13.

அதே வயதில் ‘தீகா செகாவான்’ என்ற அவரது முதல் சித்திரக்கதை நூல் வெளிவந்தது. அதற்குக் கிடைத்த சன்மானம் 25 வெள்ளி.

26 ஆண்டுகள் ஓடிய குடும்பக் கதை

1968இல், இன்னும் பள்ளி மாணவனாக இருந்தபோதே, ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு இதழில் ‘கெலுவார்கா சி மாமாட்’ என்ற தொடரைத் தொடங்கினார். மாமாட் என்ற இளைஞனின் குடும்பத்தில் நடக்கும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளே அதன் பொருள். கம்பத்துப் பழக்கத்துக்கும் நகரத்து நாகரிகத்துக்கும் இடையில் எழும் இழுபறி, பெரியவர்களின் பிடிவாதம், இளையோரின் ஆசை ஆகியவற்றை வைத்தே வாரந்தோறும் வாசகர்களைச் சிரிக்க வைத்தார். அத்தொடர் 26 ஆண்டுகள் வெளிவந்தது.

படிப்பு முடிந்ததும் ஓவியர் வேலை தேடிக் கோலாலம்பூர் சென்றார். அந்த வேலை காலியில்லை. குற்றச் செய்தியாளர் வேலைதான் கிடைத்தது. தந்தை கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். வீட்டுப் பொறுப்பு லாட்டின் தலையில் விழுந்ததால் அதை ஏற்றுக்கொண்டார். காவல் நிலையமும் நீதிமன்றமும் அவரது மனத்துக்கு ஒட்டவில்லை. ஆனாலும் தினமும் பல தரப்பட்ட மனிதர்களை அருகில் பார்க்கும் வாய்ப்பு அதனால் அமைந்தது.

1974இல் திருப்பம் வந்தது. மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த ‘பெர்சூனாட்’, ஹாங்காங்கின் ‘ஏஷியா மேகசின்’ இதழில் வெளியானது. அதைக் கண்டு வியந்த ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ தலைமையாசிரியர், அதை வரைந்தவர் தம் நிறுவனத்திலேயே செய்தியாளராக இருப்பதை அறிந்து அழைத்துப் பேசினார். லாட் முழு நேரக் கேலிச்சித்திரக்காரர் ஆனார். ‘சீன்ஸ் ஆஃப் மலேசியன் லைஃப்’ என்ற தொடரில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத்தாரின் அன்றாட வாழ்க்கை இடம்பெற்றது. சீக்கியர் திருமணத்தை அவர் வரைந்த விதம் இன்றும் பேசப்படுகிறது. துன் சாமிவேலு உள்ளிட்ட தலைவர்களையும் மனம் புண்படாத கேலியோடு வரைந்தார்.

ஈயக் கப்பல் வரும் முன்

1979இல் வெளிவந்த ‘தி கம்போங் பாய்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. பிறப்பு முதல், பள்ளிப் படிப்புக்காக ஈப்போவுக்குப் புறப்படும் நாள் வரையிலான தம் பிள்ளைப் பருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து, அருகே சில வரிகளில் எழுதியிருந்தார். ஆற்றுக் குளியல், குர்ஆன் வகுப்பு, விருத்தசேதனம், தந்தையின் கேலி எல்லாம் அதில் உண்டு.

அந்நூலில் சிரிப்புக்கு அடியில் ஒரு கவலையும் ஓடுகிறது. கம்பத்தருகே ஈயம் தோண்டும் கப்பல் இயங்குகிறது. நண்பர்களோடு சேர்ந்து திருட்டுத்தனமாக ‘டூலாங்’ தட்டில் ஈயம் அலசப் போகும் மகனைத் தந்தை அடித்து விரட்டுகிறார். பின்னர், தமக்குச் சொந்தமான ரப்பர் நிலத்துக்கு அழைத்துச் சென்று, நன்றாகப் படித்தால் இதெல்லாம் உனக்குத்தான் என்கிறார். கதை முடியும்போதோ அந்த நிலமே சுரங்க நிறுவனத்தின் கைக்குப் போகக்கூடும் என்று தெரியவருகிறது. கம்பம் இருக்கும்போதே அது மறையப்போவதை அறிந்தவன் அந்தச் சிறுவன். வளர்ந்த பின் அவன் அதை வரைந்து வைத்தான்.

ஈப்போ வாழ்க்கையைச் சொல்லும் ‘டவுன் பாய்’ 1981இல் வந்தது. சீன நண்பன் ஃபிராங்கியுடன் அவனைச் சேர்த்து வைப்பது ராக் அண்ட் ரோல் இசை. லாட் தந்தையான பின் வரைந்த ‘கம்போங் பாய்: யெஸ்டர்டே அண்ட் டுடே’ (1993), தம் பிள்ளைப் பருவத்தையும் தம் பிள்ளைகளின் பருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. கையில் கிடைத்ததைக் கொண்டு விளையாட்டுப் பொருள் செய்த தலைமுறை ஒரு புறம், கடையில் வாங்கும் தலைமுறை மறு புறம். 1994இல் டத்தோ விருதும், 2002இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் அவருக்குக் கிடைத்தன. 2006இல் ‘தி கம்போங் பாய்’ அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

நம் வீட்டுக்கும் ஒரு வழி

லாட் பெரிய நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அம்மா உட்காரும் விதம், அப்பாவின் நடை, கூட்டத்தில் ஓரமாக நிற்கும் ஒருவரின் முகம் ஆகியவற்றையே கவனித்தார். அதனால்தான் கோப்பெங்கைப் பார்த்திராத ஜப்பானியரும் அந்தக் குடும்பத்தைத் தம் குடும்பமாக உணர்ந்தார்கள்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. அதிகாலைப் பெரட்டு, காண்டா வாளி, ஆயாக் கொட்டகை, லயத்து வாசலில் அடுப்புப் புகை எனப் பலவற்றைப் பெரும்பாலான வீடுகளில் இன்று தாத்தா பாட்டியின் நினைவில் மட்டுமே காணலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் புகைப்படம்கூட இல்லாத குடும்பங்கள் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை லயத்தின் வாசலை வரையலாம். கோடு கோணலாக வரலாம். வாளி எந்தத் தோளில் தொங்கியது, கோயில் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பாட்டி திருத்துவார். அந்தத் திருத்தத்தைச் சொல்ல அவர் இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும்.