மூளைக்கு மருந்து செலுத்தும் கழியொலி: பாதுகாப்புக் கேள்வி

குவிக்கப்பட்ட கழியொலியால் மூளைக்கு மருந்து செலுத்துதல் என்பது, குருதிக்கும் மூளை இழையத்துக்கும் இடையிலுள்ள தடுப்பை ஓரிடத்தில் மட்டும் சில மணி நேரத்துக்குத் தளர்த்தி, அந்த வழியால் மருந்தை உள்ளே விடும் முறை. இலங்கைப் பாடநூல்கள் கழியொலி என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் மீயொலி என்பார்கள். மாத்தளையில் கர்ப்பிணித் தாய்மார் ‘ஸ்கேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் இந்த அலையைத்தான். வயிற்றுப் பிள்ளைக்கே செய்கிறார்கள், மூளைக்குச் செய்தால் என்ன கேடு வந்துவிடும் என்ற எண்ணம் அதனால் எளிதில் எழுகிறது. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், இம்முறையின் பாதுகாப்பைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: குருதியில் விடும் நுண்குமிழிகளின் ஓசையைக் கேட்டு அலையை அடக்கும் கட்டுப்பாடு, திறந்த வழியால் உள்ளே போகும் மருந்து, பிறகு நோயாளரைக் கவனிக்கும் ஏற்பாடு. பிள்ளைத்தாய்ச்சியின் ஸ்கேனில் இவை மூன்றுமே இல்லை. ஆகவே அந்த ஸ்கேனின் நற்பெயரை இதற்கு இரவல் வாங்க முடியாது.

மூளையின் மயிர்த்துளைக் குழாய்களில் உட்சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. உடலின் மற்ற இடங்களில் சுவரூடாகக் கசியும் பொருள்கள் இங்கே நின்றுவிடும். ஏறத்தாழ 500 டால்ற்றனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் கடப்பது அரிது. சிகிச்சைக்குப் பயன்படும் பிறபொருளெதிரி ஒன்றின் நிறையோ 1,50,000 டால்ற்றன். 2001 இல் குல்லெர்வோ ஹைனினென் குழுவினர் முயல்களில் ஒன்றைக் காட்டினார்கள். குருதியில் முதலில் நுண்குமிழிகளை விட்டு, பின்னர் கழியொலியைச் செலுத்தினால், மிகக் குறைந்த சக்தியிலேயே இந்தப் பிணைப்புத் தளர்ந்து மறுபடி மூடிக்கொள்கிறது. குமிழிகள் புதிய கண்டுபிடிப்பல்ல; இதய ஸ்கேனில் படம் தெளிவாக விழுவதற்கென்று முன்பே புழக்கத்தில் இருந்தவை. அவற்றில் ஒரு வகையின் சீசாவைச் சிறு குலுக்கு இயந்திரத்தில் 45 விநாடி வைத்தெடுத்தால் தெளிந்த திரவம் பால்போல் வெளுத்துவிடும். அந்த வெண்மை முழுவதும் செங்குருதிக் கலத்தைவிடச் சிறிய வாயுக் குமிழிகள். நாளத்தில் ஏற்றியதும் அவை உடலெங்கும் ஓடினாலும், அலை குவியும் இடத்தில் மட்டுமே சுருங்கி விரிந்து குழாய்ச் சுவரை நெம்புகின்றன. அமெரிக்காவில் 2016 இல் கைநடுக்கத்துக்கு அனுமதி பெற்ற கழியொலிச் சிகிச்சை இதற்கு நேர்மாறானது. அது இழையத்தின் ஒரு புள்ளியைச் சூடாக்கி அழிக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவோர் பலர்.

அபாயம் பிறப்பதும் அதே குமிழியில்தான். அமுக்கம் குறைவாக இருக்கும்வரை குமிழி ஒழுங்காகத் துடிக்கும். எல்லை கடந்தால் திடீரென நொறுங்கி, பக்கத்திலுள்ள மெல்லிய குழாயைக் கிழித்துவிடும். மண்டையோடோ ஆளுக்கு ஆள் தடிப்பிலும் அடர்த்தியிலும் மாறுகிறது. வெளியே அனுப்பிய அமுக்கத்தில் எவ்வளவு உள்ளே போய்ச் சேர்ந்தது என்பதைக் கணக்கால் மட்டும் அறிந்துவிட முடியாது. இதற்குக் கண்ட வழி, கேட்பது. ஒழுங்காகத் துடிக்கும் குமிழி அலையின் மீடிறனில் பாதியளவான ஒரு தனிச்சுரத்தை எழுப்பும். நொறுங்கும் குமிழி எல்லா மீடிறன்களிலும் இரைச்சலைக் கொட்டும். ஒலிவாங்கிகள் அந்தச் சுரத்தைப் பிடித்ததும் கருவி அமுக்கத்தை உயர்த்துவதை நிறுத்துகிறது. இரைச்சல் தலைகாட்டினால் அலையையே நிறுத்துகிறது. 1,024 சிறு ஒலியெழுப்பிகள் பதித்த தலைக்கவசம், மழித்த தலை, அதைச் சுற்றிக் குளிர்நீர், அசையாமல் பிடிக்கும் சட்டகம், எம்.ஆர்.ஐ. குழாய் என்று வெளியே தெரியும் ஆரவாரம் ஏராளம். பாதுகாப்பின் பெரும்பகுதி இந்தச் செவியில்தான் இருக்கிறது.

செவியில்லாத கழியொலி என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் கசப்பான சான்று ஒன்று உண்டு. பக்கவாத நோயாளருக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தோடு 300 கிலோஹேட்ஸ் கழியொலியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு ஜெர்மன் ஆய்வு 26 பேரோடு இடைநிறுத்தப்பட்டு 2005 இல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்ற 12 பேரில் 5 பேருக்கும், கழியொலியும் பெற்ற 14 பேரில் 13 பேருக்கும் ஸ்கேனில் குருதிக்கசிவு தெரிந்தது. அங்கே குமிழிகள் செலுத்தப்படவில்லை. அலை குவிக்கப்படவும் இல்லை. அகன்ற கற்றை மண்டையோட்டின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பி, எதிர்பாராத இடங்களில் அமுக்கம் ஏறியிருக்கலாம் என்று பின்னர் கணித்தார்கள். இன்றைய தலைக்கவசம் 220 கிலோஹேட்ஸில் இயங்குகிறதே, அது இன்னும் தாழ்ந்த மீடிறனல்லவா என்று ஒருவர் கேட்டால் கேள்வி நியாயமானது. தாழ்ந்த மீடிறன் எலும்பை எளிதில் ஊடுருவும், எதிரொலிப்பதும் அதுவே. எல்லாப் பக்கமிருந்தும் வரும் அலைகளை ஒரு புள்ளியில் குவிப்பது எதிரொலியைக் குறைக்கிறது, ஒலிவாங்கி மீதியைக் கண்காணிக்கிறது என்பதே இதற்கான பதில். அதாவது அந்தப் பழைய ஆய்வு இம்முறையை மறுக்கவில்லை. கட்டுப்பாடு இல்லாமல் செய்யக்கூடாது என்பதைத்தான் நிறுவியது.

மனிதச் சான்றுகளில் பலவும் ரொறொன்ரோவின் சனிபுறூக் மையத்திலிருந்து வந்தவை. நிர் லிப்ஸ்மன் குழு 2018 இல் வெளியிட்ட ஆய்வில் அல்சைமர் நோயாளர் 5 பேருக்கு முன்மடலில் தடுப்புத் திறக்கப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டது. பாரதூரமான கேடு எதுவும் பதிவாகவில்லை. மூளைக் கட்டியிலும் இயக்க நரம்பு நோயிலும் அங்கிருந்து வந்த முதல் அறிக்கைகளும் இதே திசையில்தான், இதே அளவு சிறிய எண்ணிக்கையில்தான் இருந்தன. செய்தித்தாள்கள் ‘பாதுகாப்பானது’ என்று தலைப்பிட்டன. ஐந்து பேரில் ஒருவருக்கும் கேடு வராதது அவ்வளவு பெரிய ஆறுதலல்ல. புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: 50 பேரில் ஒருவரும் பாதிக்கப்படாவிட்டாலும், உண்மையான அபாயம் 6 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. இதற்கு, பாதுகாப்பு நிச்சயமில்லாவிட்டாலும் கொடிய மூளைப் புற்றுநோயாளர் காத்திருக்க முடியாதே என்று மறுப்புரை வரும். அது அந்த நோயாளரைப் பொறுத்தவரை சரி. ஆரம்பநிலை மறதிநோயோடு இன்னும் பல ஆண்டுகள் நடமாடக்கூடிய ஒருவருக்கு அதே அளவுகோல் பொருந்தாது.

அழற்சி பற்றிய ஆட்சேபம் இதைவிட ஆழமானது. 2017 இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று, குருதிக்கசிவு இல்லாமலேயே தடுப்புத் திறந்த இடத்தில் கிருமியில்லா அழற்சி தோன்றியதைக் காட்டியது. அதே ஆண்டு டல்லன் மக்மஹோனும் ஹைனினெனும் பதிலிறுத்தார்கள்: அதிகக் குமிழியளவில் அழற்சிக் குறிகள் ஏறுகின்றன, மருத்துவப் பயன்பாட்டுக்குரிய அளவில், ஒலிக் கண்காணிப்போடு செய்தால் பெருமளவு அடங்குகின்றன. இந்தப் பதில் வலுவானது, முழுமையானதல்ல. ஒரே இடத்தை மாதாமாதம் திறந்து மூடும்போது என்ன சேர்ந்துகொண்டே போகிறது என்பதை ஒரு தடவை திறந்து பார்த்த ஆய்வு சொல்லாது.

மருந்துக்கு வருவோம், விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். பாரிஸின் அலெக்சாண்டர் கார்பெந்தியே மண்டையோட்டிலேயே கழியொலிக் கருவியைப் பொருத்தும் வழியைத் தொடங்கிவைத்தார். அந்த வழியில் சிகாகோவின் அடம் சொனபெண்ட் குழு 17 மூளைப் புற்றுநோயாளருக்குப் பக்லிடாக்சல் என்ற மருந்தைச் செலுத்தி, 2023 இல் முடிவுகளை வெளியிட்டது. சாதாரணமாக மூளைக்குள் நுழையாத மருந்து அது. மிக உயர்ந்த அளவில் மூளைக் குழப்பம் தலைகாட்டியது; அது தணிந்ததும் அளவைக் குறைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அலை தன் வேலையைச் சரியாகச் செய்தது, உள்ளே போன நஞ்சு தன் குணத்தைக் காட்டியது. அல்சைமருக்கான பிறபொருளெதிரிகளிலும் இதே கதை. அவற்றில் ஒன்றான அடுகனுமப்பின் உயர்ந்த அளவைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தினருக்குக் கழியொலி எதுவும் இல்லாமலே ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்திருந்தது. மேற்கு வேர்ஜினியாவில் அலி ரெசாய் குழு இதே மருந்தோடு கழியொலியையும் சேர்த்து, 3 பேருக்கு மாதம் ஒருமுறை 6 தடவை கொடுத்து, 2024 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. திறக்கப்பட்ட பகுதிகளில் அந்நோயின் அடையாளமான அமிலோயிட் படிவு மற்றப் பகுதிகளைவிடச் சராசரி 32 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. பலன் கூடும் இடத்தில் அதே மருந்தின் பாதகமும் கூடலாம். ஆகவே ‘கழியொலி பாதுகாப்பானதா’ என்று பொதுவாகக் கேட்பதற்கு விடை இல்லை. எந்த மருந்தோடு, எந்த அளவில், எந்த நோயாளருக்கு என்று கேட்டால்தான் விடை வரும்.

மாத்தளை மாவட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், மூன்றாவது கூறான கவனிப்பு முன்னுக்கு வருகிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை மாத்தளை நகரில் இருக்கிறது. மூளையில் சத்திரசிகிச்சை என்றால், ஏ9 வீதியில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தள்ளியுள்ள கண்டி தேசிய வைத்தியசாலையைத்தான் நாட வேண்டும். தலைக்கவச முறையில் நோயாளர் விழித்திருப்பார். இடையிடையே கையைத் தூக்கச் சொல்லி, பேசச் சொல்லிச் சோதிப்பார்கள். ஒலிவாங்கி கேட்காததை இந்த வாய்ச்சொல் காட்டிக்கொடுக்கும். எல்கடுவைத் தோட்டத்துப் பெண் ஒருவர் ‘கை மரத்துப்போகுது’ என்று சொன்னதும் அதன் பொருள் அந்த அறையில் உடனே விளங்க வேண்டும்; மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போகும் நிமிடங்களும் பாதுகாப்புக் கணக்கில் சேரும். வீடு திரும்பிய பின் வரும் தலையிடியை வெயிலின் தலையிலோ மலைப்பனியின் தலையிலோ போட்டுவிட்டு மறுநாள் கொழுந்து பறிக்கப் போகிற பழக்கமும் அப்படித்தான். தலைக்கவச ஆய்வுகளில் தடுப்பு மூடிக்கொண்டதா, நுண்கசிவு உண்டா என்பதை மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தே உறுதிப்படுத்தினார்கள். லக்கலைப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வருகிற ஒருவருக்கு அந்த மறுநாள் என்பது கண்டியில் ஓரிரவுத் தங்கல், கூட வருகிறவருக்கு ஒருநாள் சம்பள இழப்பு. மாதம் ஒன்றாக ஆறு தடவை என்றால், ஆறு இரவுகள்.