பட்டிப்பொலப் பாதையும் விசிறிப்பட்டியும்

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தேயிலை, புகையிரதம், தொழிற்சங்கம், குடியுரிமை என்னும் நான்கு வாயில்களாலேயே உள்நுழைந்துள்ளனர். அவை பெருவாயில்கள்; அவற்றின் இன்றியமையாமையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் சிறு பொருளொன்றின் கதை சிலவேளை இந்நான்கையும் ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டவல்லது. பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் விசிறிப்பட்டி, அதாவது கராஜ்களில் ‘ஃபேன் பெல்ட்’ என வழங்கும் இறப்பர் வார், அத்தகையதொரு பொருளாகும். காரைச் செய்தவர் பெயரும் அதனைச் செலுத்தியவர் பெயரும் நூல்களில் உள்ளன. அறுந்த பட்டியை மாற்றி அக்காரை மீண்டும் ஓடச் செய்தவனைப் பற்றியே இங்கு நோக்க விழைகின்றோம்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல வழியாகச் செல்லும் பாதை பட்டிப்பொலவை அடையுமிடத்துத் தேயிலை அருகி, மரக்கறித் தோட்டங்களும் புற்றரைகளும் மிகுகின்றன. 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளை வரை நீண்டபோது இவ்விடத்தைக் கடந்தது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இதுவே. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி அளவிற் கிடக்கின்றது. மோட்டார்ப் பாதையோ இத்துடன் நில்லாது, ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி மேலும் ஏறுகின்றது.

இத்துணைக் குளிர்ந்த நிலத்தில் எஞ்சின் எவ்வாறு கொதிக்கும் என்ற ஐயம் எழுதல் இயல்பு. பட்டிப்பொலவின் உயரத்தில் நீர் 100 பாகையில் அன்றி, ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றரின் அழுத்த மூடி இக்குறையை ஓரளவே ஈடுசெய்யும். காற்றின் அடர்த்தியோ கடற்கரையில் உள்ளதிலும் ஆறிலொரு பங்கு குறைவு. எனவே அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் முதற் கியரில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. அந்நிலையில் எஞ்சினைக் காப்பது விசிறி. விசிறியைச் சுழற்றுவது பட்டி. அதே பட்டிதான் நீர்ப்பம்பியையும் மின்சாரம் தரும் டைனமோவையும் இயக்குகின்றது. 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வண்டியில் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானியுங்கூட டைனமோவின் பின்புறத்திலிருந்தே இயக்கம் பெற்றது. ஆகவே பட்டி அறுந்த கணத்தில் அம்மானியின் முள் பூச்சியத்தில் வீழும். சிவப்பு விளக்கு எரியும். சற்று நேரத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும்.

இத்தகைய வண்டிகள் இம்மலைகளுக்கு வந்தது வெறும் போக்குவரத்துத் தேவையால் அன்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் போட்டி, ஏப்ரல் மாதப் பருவகாலக் கேளிக்கைகளுள் ஒன்றாயிற்று. தோட்டத்துரைமாரின் வாழ்க்கையில் குதிரைப் பந்தயமும் கொல்ஃப் விளையாட்டும் பெற்றிருந்த இடத்தை ஓரளவு காரும் பெற்றது. ஏபிங்டன் தொழிற்சாலையில் எம்.ஜி. வண்டிகளைச் செய்தோர் இளைஞரின் பணப்பைக்கும் வேக ஆசைக்கும் இடையே ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தினர் எனலாம். அதன் இரகசியம் சிக்கனத்தில் இருந்தது. அழகிய உடலைப் புதிதாகச் செய்தனர். உள்ளுறுப்புகளையோ சாதாரணக் குடும்ப வண்டிகளிலிருந்து எடுத்துக்கொண்டனர். ஸ்பிரைட்டில் இருந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 1956 முதல் மொரிஸ் மைனரில் இருந்த எஞ்சினின் உடன்பிறப்பே. 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. துரை ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கும், தோட்ட வைத்தியரோ பாடசாலை அதிபரோ வைத்திருந்த மொரிஸ் மைனருக்கும் மூடியின் கீழே வர்க்க பேதம் அவ்வளவாக இல்லை! இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

பட்டியை மாற்றும் முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் பொருந்தும். இத்தகைய கைவினை அறிவை நம் வரலாற்று நூல்கள் பதிவதில்லை. முதலாவது விதி பொறுமை. கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியை உடனே திறத்தலாகாது. பட்டிப்பொல ஓடையின் பனிநீரைச் சுடுகின்ற எஞ்சினிற் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். ஆறியபின், டைனமோவைத் தாங்கும் இரு ஆணிகளையும், நீள்துளையுள்ள இணைப்புத் துண்டின் ஆணியையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளவேண்டும். பழைய பட்டியின் எச்சத்தை அகற்றி, புதியதை ரேடியேற்றருக்கும் விசிறிக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் நுழைத்து, விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கடத்தி உள்ளே கொண்டுவர வேண்டும். விரல் முட்டிகளின் தோல் போவது இவ்விடத்திலேதான். பின்னர் அடியிலுள்ள எஞ்சின் கப்பி, நீர்ப்பம்பிக் கப்பி, டைனமோக் கப்பி ஆகிய மூன்றிலும் பட்டியை அமர்த்தி, டைனமோவை வெளியே இழுத்து ஆணிகளை இறுக்க வேண்டும். நீண்ட பகுதியின் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும் என்பது கைநூலின் கணக்கு. மிகை இறுக்கம் டைனமோவினதும் பம்பியினதும் பெயரிங்குகளைத் தின்னும். தளர்ந்தாற் பட்டி வழுக்கும். கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. மெக்கானிக்கின் அளவுகோலோ அவனது பெருவிரல்.

அப்பெருவிரல் இவ்வளவை எங்கே கற்றது? தேயிலை ஸ்டோரில் என்பதே எமது கருத்து. தோட்டத் தொழிற்சாலைகளில் ஒரே இயந்திரத்தின் ஆற்றல் கூரையோரம் ஓடும் நீண்ட தண்டொன்றிற்குச் சென்று, அங்கிருந்து தட்டைப் பட்டிகள் மூலம் உருளைகளுக்கும் சல்லடைகளுக்கும் பகிரப்பட்டது. பட்டி வழுக்கினால் கொழுந்து அரைபடாது. அறுந்தால் வேலை நின்றுவிடும். பட்டியின் ஓசையைக் கேட்டே அதன் தளர்ச்சியை அறிந்து, வெட்டி இணைத்து இறுக்கிய தொழிலாளி, காரின் பட்டியைக் கண்டு அஞ்சியிருக்க வேண்டியதில்லை. தோட்டப் பொறிகளைப் பேணுவதற்கென 1875இல் அட்டனில் தொடங்கிய பிரவுண் கம்பனி போன்ற நிறுவனங்கள் இத்தகைய தொழிலறிவிற்கு மலையகத்தில் எத்துணைத் தேவை இருந்தது என்பதற்குச் சான்று. சாரதிகளாகவும் கராஜ் பாஸ்மாராகவும் தமிழர், சிங்களவர், மலாயர் ஆகியோர் அருகருகே உழைத்தனர்.

பட்டியின் மூலப்பொருளை நோக்குமிடத்து இன்னுமொரு முரண் புலப்படும். பிரேசிலிலிருந்து வந்த விதைகளிலிருந்து முளைத்த இறப்பர் கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடப் பூங்காவிற்கு வந்தன. அதன் பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் இறப்பர் நிலங்களாயின; அங்கும் பால் வெட்டியோரிற் பலர் தமிழ்த் தொழிலாளரே. நாம் தாளாக ஏற்றுமதி செய்த இறப்பர், நூற்கயிறும் கன்வஸும் சேர்ந்து, பட்டியாகவும் டயராகவும் பன்மடங்கு விலையில் திரும்பி வந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இம்முரண் தெருவிற்கே வந்தது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. உதிரிப்பாகத்திற்குத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலேதான் முன்னர் குறித்த எஞ்சின் உறவு பயன்பட்டிருக்க வேண்டும். ஸ்பிரைட்டிற்கென ஒரு பட்டியைத் தேடுபவன் கண்டடையாதிருக்கலாம். மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ35உம் நிறைந்த நாட்டில் அக்குடும்பத்தின் பாகங்கள் எங்கேனும் இருக்கும். மேலும் பட்டி காரின் பெயரைக் கேட்பதில்லை. நீளத்தையும் கப்பிப் பள்ளத்தின் அகலத்தையுமே கேட்கின்றது. அறுந்த பட்டிக்குப் பதிலாக நைலோன் காலுறையைக் கட்டி வீடு சேரலாம் என்பது ஆங்கிலேயர் கூறும் உபாயம். லயத்திலே நைலோன் காலுறைக்கு எங்கே போவது?

இதே காலத்தில் துரைமார் விலகினர். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் பிரித்தானியத் தோட்டத்துரை என்னும் வகுப்பின் எஞ்சிய பகுதியையும் முடிவிற்குக் கொண்டுவந்தன. எடுத்துச் செல்லப்படாத கார்கள் கைமாறின. 1977இன் பின்னர் யப்பானிய வண்டிகள் பெருகவே, பழைய பிரித்தானிய வண்டி முதலில் ஏளனத்திற்கும் பின்னர் மதிப்பிற்கும் உரியதாயிற்று. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகர நிலையமொன்று மொரிஸ் மைனருக்கான உடற்றகடுகளை இலங்கையிலேயே செய்விக்கும் நிலை தோன்றியது. நமது தொழிலாளரின் கைத்திறனுக்கு இதைவிட வெளிப்படையான அங்கீகாரம் வேறில்லை.

காருக்குக் கிடைத்த இடம் அதனைப் பேணியவனுக்குக் கிடைத்ததா என்பதே வினா. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. அக்கணக்கில் ஸ்டோரில் பட்டி இறுக்கியவனும் கராஜில் ஸ்பேனர் பிடித்தவனும் வெறும் தலைகளாயினர். அவர்களோடு கப்பலேறிய அறிவிற்கு நிரல் இருக்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவர்களிற் பலர் மீண்டும் கொழுந்திற்கே சென்றனர். அம்மலைப் பாதைகளில் அப்போது ஓடிய வாடகை வண்டி அம்பாசிடர். மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டை மூலமாகக் கொண்ட அதன் 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. பட்டிப்பொல ஏற்றத்தில் துரையின் எம்.ஜி.ஏ.க்குப் பட்டி மாற்றியவன் ஒருவன் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஓர் அம்பாசிடரின் மூடியைத் திறந்திருப்பானாயின், கப்பிகள் மூன்றும் டைனமோவின் ஆணிகளும் தான் அறிந்த ஒழுங்கிலேயே அமைந்திருக்கக் கண்டிருப்பான்.