கெர்னலை ஏத்தினேன், திரை போச்சு

மக்களே, போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊர்ல இருக்கற அம்மாவோட வீடியோவுல பேசற நேரம். அந்த நேரம் பார்த்து பொட்டியில புது கெர்னல் ஏத்தினேன். ரீபூட் பண்ணினா கறுப்புத் திரை. தங்கமணி பார்த்த பார்வையைச் சொல்லணுமா? தப்பு என்னுதுதான், ஹெடர் பொதியைப் போடலை.

இந்தத் தலைவலிக்கு வயசு ஜாஸ்தி. 1991ல இங்கே புனே சி-டாக் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்துச்சு. அதே வருஷம் ஹெல்சிங்கியில லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். கெர்னலோட உள் இணைப்புகள் எப்ப வேணா மாறும். அது தெரிஞ்சே வச்ச கொள்கை. கெர்னலுக்குள்ளயே இருக்கற டிரைவரை, மாத்தறவங்களே சரிபண்ணிடுவாங்க. வெளியே இருக்கறதை ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் பண்ணணும். டெல் ஆளுங்க எழுதின டிகேஎம்எஸ் அதைத் தானா செய்யும், ஹெடர் இருந்தா!

2010ல, 2.6.33 கெர்னல்ல நூவோ டிரைவர் உள்ளே வந்துச்சு. 2012ல டோர்வால்ட்ஸ் பின்லாந்து மேடையில என்விடியாவுக்கு நடுவிரலையே காட்டினார் (குழந்தைங்க பக்கத்துல இருந்தா அந்த வீடியோ வேண்டாம்). அந்தக் கம்பெனி தன் கெர்னல் மாட்யூல் மூலநிரலைத் திறந்தது 2022 மே மாசம்தான்.

கடைசியா கிரப் மெனுவுல பழைய கெர்னலைப் பிடிச்சு உள்ளே போனேன். அதுக்குள்ள அம்மா தூங்கிட்டாங்க.