ஊவாத் தோட்டப்புறத்தில் கீல்வாதமும் உணவும்

கவுட் என்னும் கீல்வாதம், இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து அதன் உப்பு ஊசிப் படிகங்களாக மூட்டுகளில் படிவதால் வரும் நோய். ஒரு டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்காது. குளிரில் கரைதிறன் இன்னும் குறையும். அதனால் உடலின் குளிர்ந்த முனையான கால் பெருவிரலையே நோய் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். தீபாவளி விருந்து முடிந்த நடுச்சாமத்தில் விரல் சிவந்து வீங்கும், போர்வை பட்டாலே உயிர் போகும். விடிந்தால் கவ்வாத்து வெட்ட மலையேற முடியாது. ஆண்களுக்கே இது அதிகம். பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகுதான் வரும்.

பசறை முதல் அப்புத்தளை வரை லயத்துச் சமையலில் அன்றாடம் கிடைக்கும் மலிவான புரதம் மைசூர் பருப்பு. கீல்வாதம் என்றதும் பலர் முதலில் நிறுத்துவதும் அதையும் கீரையையும்தான். இது வீண் பத்தியம். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டின. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த மரக்கறிகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைத்தன. மாடு வளர்ப்பவர்கள் பாலை முழுக்க விற்றுவிடாமல் வீட்டுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை வேறு. ஈரல், குடல், நெத்தலி, டின் மீன் ஆகியவற்றில் பியூரின் மிகுதி. காயவைக்கும்போது நீர் வற்றிச் செறிவு கூடுவதால் நெத்தலிக் கருவாட்டில் அது இன்னும் அதிகம். சம்பலுக்கு ஒரு பிடி போடுவதும் கறியாக நிறைய ஆக்குவதும் ஒன்றல்ல. பியரில் பியூரினும் உண்டு, மதுவும் உண்டு. சாராயமும் கசிப்பும் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். பிளேன்டீ குற்றமற்றது, அதில் கொட்டும் சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அது யூரிக் அமிலத்தை ஏற்றும்.

திடீர்த் தாக்குதலுக்கும் உணவுக்கும் உள்ள உறவு நாள் கணக்கிலானது. 633 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், இரண்டு நாட்களில் மிக அதிகப் பியூரின் உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆபத்து இருந்தது. விருந்து இறைச்சியும் போத்தலும் சேர்ந்த இரவு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வெயிலில் வியர்த்தும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பட்டினி கிடப்பது, சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் தூண்டும்.

ஆனாலும் உணவுக் கட்டுப்பாடு மட்டும் யூரிக் அமிலத்தை ஒரு மில்லிகிராம் அளவுக்கே குறைக்கும். பரம்பரையின் பங்கும் சிறுநீரகத்தின் பங்கும் அதைவிடப் பெரியவை. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டை, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதி. அத்தகைய இடங்களில் உயர்ந்த யூரிக் அமிலத்துக்கு உணவை மட்டும் குற்றஞ்சொல்லி நோயாளியை அனுப்பிவிடக் கூடாது, சிறுநீரகப் பரிசோதனையும் செய்யவேண்டும்.

வலி தொடங்கியதும் கொல்சிசின் போன்ற மருந்துகள் தணிக்கும். தாக்குதல் அடிக்கடி வந்தால் அலோபியூரினோலைத் தினமும் எடுத்து யூரிக் அமில அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அதைத் தொடங்கும் முதல் சில மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது வலி திரும்ப வரக்கூடும். மருந்து பலிக்கவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான்.