புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டுக்கொல்லைக் காய்கறித் தோட்டம்

1948 மார்ச்சில் சமஸ்தான ஆட்சி முடிந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமான புதுக்கோட்டை, பெரும்பகுதி கண்மாயையும் குளத்தையும் மழையையும் நம்பிய வறண்ட நிலமாகும். கிணறு உடையவரால் மட்டுமே வயலில் காய்கறி பயிரிட முடிந்த முன்னாளில், ஏனையோருக்குக் காய் கொடுத்தது கொல்லை, அதாவது வீட்டின் பின்புற நிலம். பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் கத்தரியும் மிளகாயும் நின்றன. ஆடி மாதத்து விதைப்புப் பருவமான ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரையும் புடலும் சுரையும் பந்தலிலும் வேலியிலும் படர்ந்து தை வரை காய்த்தன. முதல் காய்ப்பில் நல்ல காயை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டியோ பசுஞ்சாணத்தில் பதித்து உலர்த்தியோ அடுத்த ஆண்டுக்குக் காத்தவர்கள் பெண்கள். இவ்விதைக் காப்பே அத்தோட்டத்தின் உயிர்நாடி என்பதைப் பின்வந்த திட்டங்கள் பலவும் உரிய அளவில் உணரவில்லை.

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வளர்ச்சி வட்டாரங்களின் வழியே விதையையும் அறிவுரையையும் ஊருக்குக் கொண்டுவந்தது. யுனிசெஃப் முதலிய ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு ஒடிசாவில் தொடங்கி, பின்னர் நாடு முழுதும் விரிவாக்கப்பட்ட பயன்முறை ஊட்டச்சத்துத் திட்டம், கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் உண்ணத்தக்க காய், முட்டை, மீன் ஆகியவற்றை அந்தந்த ஊரிலேயே விளைவிக்க வேண்டுமென்று மாதர் சங்கங்களையும் பள்ளித் தோட்டங்களையும் துணைக்கொண்டது. நோக்கம் உயர்ந்தது, ஆயினும் உதவி நின்றதும் பல இடங்களில் தோட்டமும் நின்றது.

வேறொரு வழியைக் காட்டியது கீரனூரை அடுத்த ஒடுகம்பட்டியிலுள்ள கொழுஞ்சிப் பண்ணை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, மானாவாரி உழவருக்கு விலைகொடுத்து வாங்கும் இடுபொருள் கட்டுப்படியாகாது என்று கண்டு வெளியேறிய கோ. நம்மாழ்வார் (1938–2013), தோழர்களுடன் 1979இல் தொடங்கிய 'குடும்பம்' அமைப்பின் பண்ணை அது. காய்ந்த செம்மண்ணில் மழைநீரைத் தேக்கி, மூடாக்கும் (இலைதழைகளால் மண்ணைப் போர்த்துதல்) பசுந்தாள் உரமும் இட்டு, முதலில் மண்ணைத் தேற்றிய பின்னரே பயிரைத் தேடிய அம்முறை, நாட்டு விதையை உழவரே காத்துப் பரிமாறிக்கொள்வதையும் வலியுறுத்தியது. பணமும் குழாய்நீரும் குறைந்த குடும்பத்துக்குப் பொருந்தியது இந்த வரிசைமுறையே: மண், நீர், விதை, அதன் பின் காய். 1991இல் இம்மாவட்டத்தில் எழுந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் அதன் பின் பெருகிய மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பெண்கள் ஒன்றுகூடும் களத்தை ஊர்தோறும் அமைத்துத் தந்தன. இன்று ஊட்டச்சத்துத் தோட்டம் என்ற பெயரில் நடைபெறும் பணிகள் பெரும்பாலும் அக்குழுக்களின் தோளில்தான் நிற்கின்றன.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்' திட்டம், கத்தரி, வெண்டை, அவரை, பாகல், கீரை உள்ளிட்ட 12 வகை விதைகளை ஊரகக் குடும்பங்களுக்கு மானியத்தில் 15 ரூபாய்க்கு வழங்கியது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தோடு முளைப்பதில்லை என்பதால், இத்தகைய பொட்டலங்களில் வீட்டிலேயே விதையெடுத்து மீண்டும் விதைக்கத்தக்க ரகங்களே இடம்பெற வேண்டும்; விதை காக்கும் பயிற்சியையும் மகளிர் குழுக்கள் வழியே தோட்டக்கலைத் துறை உடன் அளிக்க வேண்டும்.